சவேரியார் வயிறும் பழைய சோறும்

அன்று காலை, பாம்பனை அடுத்த அக்காள்மடத்தில், சவேரியார் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒரே நாற்காலியில் கம்பவுண்டர் நாகநாதன். அவருக்கு எதிரே மரப்பெட்டி மேல், கையில் பேனாவும் மடியில் இன்லண்டு காகிதமுமாக யேசுதாஸ். சுவரோரம் பாயில் வயிற்றைத் தடவியபடி அவன் தகப்பன் சவேரியார். அடுக்களைப் படியில் யேசுதாஸின் மனைவி ஜோதிமேரி.

நடுவில் ஒரு பழைய சோற்றுப் பானை. விசாரணையே அதைப் பற்றித்தான்.

"மூணு வேளையும் இதுதானா?" என்றார் கம்பவுண்டர்.

"காலையிலயும் மத்தியானமும் சார். ராவைக்கு வந்து உலை வைப்பேன். அதையும் மாமா நல்லா ஆற வச்சுத்தான் சாப்பிடுவாக," என்றாள் ஜோதிமேரி.

விடியுமுன் மீன் கூடையோடு பாம்பனில் ரயிலேறினால், உச்சிப்புளித் தெருக்களில் கூவி விற்றுவிட்டு அவள் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அந்தக் கூடைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

ஒரு மாதமாகச் சவேரியாருக்கு உப்புசமும் புளித்த ஏப்பமும். செய்தி எப்படியோ தொண்டியில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் சகாயமேரிக்குப் போய்ச் சேர, அவள் தம்பிக்குக் காகிதம் போட்டுவிட்டாள். 'உன் பெண்டாட்டி ஊர் சுற்றப் போய்விட்டு, அய்யாவுக்கு ஆறிப்போனதைப் போட்டு வயிற்றைக் கெடுக்கிறாளாமே?' அதற்குப் பதில் எழுதத்தான் யேசுதாஸ் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

"வயித்துக்குள்ள ஒரு அடுப்பு எரியுது," என்று கம்பவுண்டர் விளக்கினார். "அதுல தினமும் குளுந்த சோத்தைக் கொட்டினா அணையாம என்ன செய்யும்? அப்புறம் எங்கிட்டுச் செரிக்கிறது?"

சவேரியாருக்குப் பொறுக்கவில்லை. "அது உம்ம வயிறா இருக்கும். நான் நாப்பது வருஷம் பழையதைத் தின்னுட்டுத்தான் கடலுக்குப் போனேன். ஒருநாள் ஏப்பம் விட்டதுண்டா? சுடச்சுடத் தின்னவன் வள்ளத்துல தூங்கி விழுவான். நான்தான் இந்தப் புள்ளைகிட்ட பழையதே போடுன்னு கேட்டு வாங்கித் திங்கிறேன்."

"மருமகளை விட்டுக்குடுக்க மாட்டீகளே!" என்றான் யேசுதாஸ்.

ஜோதிமேரிக்கு அழுகை முட்டியது. மாமனார் சொன்னது நிஜம். சூடாகச் சாப்பிடுகிறவன் சோம்பேறி என்று கரை முழுக்கப் பேசித் திரிகிற மனிதர் அவர். ஆனால் இதைத் தொண்டியில் யார் நம்புவார்கள்?

"நாக்கை நீட்டும்," என்றார் கம்பவுண்டர்.

நீட்டினார். நுனி வெந்ததுபோல் சிவந்து பொத்துப் போயிருந்தது.

"பாத்தியா யேசுதாஸு? அசீரணம் முத்திருச்சு. அதான் நாக்குல வந்து நிக்குது. சரி, சோறு இறங்குதா?"

"பானையை வழிச்சுச் சாப்பிட்டுருவாக சார். ஒரு பருக்கை மிஞ்சாது," என்றாள் ஜோதிமேரி.

"பாவம், பசிக்கு வேற போக்கு ஏது?" என்றார் கம்பவுண்டர்.

சவேரியார் மெல்ல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வலை கிழிஞ்சு கெடக்கு. செத்த கரைக்குப் போயிட்டு வாரேன்."

"இந்த வயித்தோட எங்க போறீக? தினமும் காலங்காத்தால கரைக்கு ஓடி ஓடித்தான் வாடைக்காத்தும் சேந்துக்கிச்சு. உக்காருங்க அய்யா," என்றான் யேசுதாஸ்.

உட்கார்ந்தார். ஆனாலும் பார்வை வாசலிலேயே இருந்தது.

கம்பவுண்டர் தீர்ப்புச் சொன்னார். மூன்று வேளையும் சுடு கஞ்சி, சுக்குத் தண்ணீர். பழையதைக் கண்ணில் காட்டக் கூடாது.

"அப்ப என் கூடை?" என்றாள் ஜோதிமேரி.

"பக்கத்து வீட்டுச் சின்னாத்தாகிட்ட குடுத்துரு. நாளையிலருந்து நீ வீட்டுல கஞ்சி காச்சு," என்றான் யேசுதாஸ்.

"உச்சிப்புளியில நஃபீசாக்கா என் குரலைக் கேட்டுத்தான் மசாலாவே அரைக்கும். நான் வரலைன்னா..."

"வேற குரலைக் கேட்டு அரைக்கட்டும்."

யேசுதாஸ் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினான். "அன்புள்ள அக்காவுக்கு, நீ எழுதியது உண்மையே. ஆறின உணவால்தான் அய்யாவுக்குச் செரிமானம் கெட்டது என்று கம்பவுண்டர் உறுதி சொல்லிவிட்டார். குற்றம் ஜோதிமேரியுடையதே. நாளை முதல் அவள் வியாபாரத்துக்குப் போக மாட்டாள்..."

"ஏலே, அந்தப் புள்ளை மேல எழுதாதலே," என்றார் சவேரியார். "அந்த வரியை அடிச்சிரு."

"அடிச்சுட்டு என்னன்னு எழுத? நீங்களே சொல்லுங்க."

சவேரியார் வாயைத் திறந்தார். மருமகளைப் பார்த்தார், கம்பவுண்டரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

காகிதத்தின் பசை பிடிக்கவில்லை. யேசுதாஸ் பானையிலிருந்து நாலு பருக்கையை எடுத்து நசுக்கித் தடவி ஒட்டினான்.

"பழையது இதுக்காவது ஆகுதே!" என்று கம்பவுண்டர் சிரித்தார்.

வாசலில் சைக்கிள் மணி. தபால்காரர் அப்துல் ஹமீது. யேசுதாஸ் ஓடிப்போய்க் கடிதத்தைக் கொடுத்தான். ஜோதிமேரி மூலையில் இருந்த மீன் கூடையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஹமீது கடிதத்தைப் பையில் போட்டு வாரை இறுக்கினார். ஒரு காலைப் பெடலில் வைத்தவர், ஏதோ நினைவு வந்தாற்போல் உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"சவேரியார் அண்ணே, ஆப்பக்கடை ஜெபமாலை கேக்கச் சொல்லுச்சு, தினமும் நீங்க திங்கிற எட்டு ஆப்பமும் ஆறப்போகுதாம், இன்னைக்கு ஏன் இன்னும் காணோம்னு!"