கூடுதல் விலா

எக்ஸ்ரே எடுக்க அக்காவும் தங்கையுமாக இருவர் வந்தார்கள். அக்காவின் இடது இமை பாதி இறங்கியிருந்தது, கண்மணியும் சிறுத்திருந்தது. கோளாறு கண்ணில் இல்லை. இமையைத் தூக்கிப் பிடிக்க உதவும் ஒரு நரம்பு, மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்குப் போவதில்லை. நெஞ்சுவரை இறங்கி, நுரையீரலின் உச்சியைத் தொட்டு, கழுத்து வழியாகத் திரும்ப ஏறி வருகிறது. வழியில் எங்கே நெரிபட்டாலும் இமை தொங்கும். நான் எடுத்த எக்ஸ்ரேயில் காரணம் தெரிந்தது: கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருந்தது. சில குடும்பங்களில் இது பலருக்கும் இருக்கும் என்பதால், கூட வந்த தங்கைக்கும் எடுத்தோம். அவளுக்கு இல்லை.

எலும்பை அறுவை செய்து எடுக்க வேண்டும், ஆனால் கைக்குப் போகும் நரம்புகளும் அங்கேதான் ஓடுகின்றன என்று சொன்னார்கள். அதைக் கேட்டு அக்கா அழுதாள். "கை விளங்காமப் போயிட்டா என்னடி பண்றது?"

"அழாதக்கா. பேசாம அந்த எலும்பை எனக்குக் குடுத்துடு. நானாவது நாலு பேரைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன்," என்றாள் தங்கை.

எலும்பை ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். அக்காவின் இமை ஏறியது, கைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மாதம் தங்கையின் இடது இமை இறங்கியது. புதிய படத்தில் அவள் கழுத்தில் ஒரு விலா இருந்தது. அது முதுகெலும்போடு ஒட்டியிருக்கவில்லை. முனை ரம்பம் போட்டதுபோல நேராக இருந்தது. அக்காவின் பழைய படத்தை அதன்மேல் வைத்தேன். வளைவு இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

"திருப்பிக் குடுத்துடுடி," என்றாள் அக்கா.

"எப்படிக் குடுக்கறதுன்னு தெரியலக்கா."

தங்கை சிரிக்கப் பார்த்தாள். அந்தக் கண் அக்காவைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோலவே இருந்தது.