கல் வாங்க வந்தவர்

“நேத்து எண்ணூறு நம்பர் தீட்டுக்கல்லைப் பார்த்தாச்சு அண்ணே. இன்னிக்கு ஆயிரத்தைப் பார்த்துடலாமா?”

கடைக்காரர் நிமிர்ந்தார். ஆறாவது நாளாக அதே ஆள், அதே பை, அதே பவ்யம். வீடு வாங்குகிறவர்கள்கூட இத்தனை யோசிப்பதில்லை.

“தாராளமா பாருங்க தம்பி. கல்லு தேய்ஞ்சு தீர்றதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்தாச் சரி.”

ஆளை விரட்டவும் முடியாது. மனைவி தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், ஒரு பெட்டி நிறைய உயர்ரகத் தீட்டுக்கல் வாங்கிப் போட்டிருந்தார். மூன்று மாதமாக ஒன்றுகூட நகரவில்லை. “ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு கல்லாவது வித்துக் காட்டுங்க, அப்புறம் கடை விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன்” என்று சவால் விட்டிருந்தாள். இன்று சனிக்கிழமை. அந்த வாயை மூடக்கூடிய ஒரே மனிதர் எதிரில் நின்றார்.

வந்தவர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். தினம் ஒரு கத்தி. ஒரே கத்தியில் பார்த்தால் கல்லின் குணம் தெரியாது என்பது அவர் கொள்கை. தண்ணீரில் ஊறிய கல்லின் மேல் வைத்து, பூனையைத் தடவுவதுபோலத் தடவினார்.

“அழுத்தித் தேயுங்க தம்பி. கத்தி கோவிச்சுக்காது.”

“சாய்மானம்தான் பிடிபடலை. நீங்க ஒருதடவை காட்டினா...”

“தினமும் இதே பாட்டுத்தானா? கொடுங்க இப்படி.”

வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிடியில் பச்சை ஒயர் சுற்றியிருந்தது. முனை மழுங்கி உருண்டிருந்தது.

“இது கத்தியா, கரண்டியா? இதுல வெண்ணெய்கூட வெட்ட முடியாதே! யார் வீட்டுது?”

“தெரிஞ்ச அக்கா ஒருத்தங்களோடது.”

“அந்த வீட்டு ஆம்பிளை என்ன, கண்ணை மூடிக்கிட்டா சாப்பிடறாரு?”

வந்தவர் கல்லில் வழிந்த சாம்பல் நிறத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு சமையலறைப் பக்கமே போறதில்லையாம், அண்ணே.”

“உருப்பட்ட மாதிரிதான்!” என்றார் கடைக்காரர். “இதுக்கு ஆயிரம் பத்தாது. முதல்ல நானூறு நம்பர் சொரசொரப்புக் கல்லுல கூர் ஏத்தணும்.”

ஏற்றினார். பிறகு ஆயிரத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அரைமணி நேரம் தேய்த்து, விளிம்பில் எழுந்த பிசிறையும் எடுத்தார். பழைய செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து ஒரு இழுப்பு. தாள் சத்தமில்லாமல் இரண்டானது.

“கை இல்லண்ணே, மிஷின்!” வந்தவர் வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்தார். “மூவாயிரத்தையும் பார்த்துட்டா திருப்தியா வாங்கிடுவேன். திங்கக்கிழமை வரட்டுமா?”

மறுநாள் மதியம் கடைக்காரர் சாப்பாட்டு மேசையில் சட்டமாக உட்கார்ந்திருந்தார். மனைவி தக்காளியும் கத்தியுமாக எதிரே வந்து அமர்ந்தாள்.

“என்ன, கல்லு வித்துதா?”

“திங்கக்கிழமை கண்டிப்பா.”

“எந்த வருஷத்துத் திங்கக்கிழமை?”

அவள் சிரித்தபடி தக்காளியை நறுக்கினாள். வில்லைகள் வெளிச்சம் ஊடுருவும் மெல்லிசில் விழுந்தன. கடைக்காரரின் பார்வை தக்காளியிலிருந்து கத்திக்கும், கத்தியிலிருந்து பிடிக்கும் போய், பச்சை ஒயரில் நின்றது.

“என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? கல்லு விக்கிறவர் பொண்டாட்டின்னுதான் பேரு. ஆறு மாசமா கேட்டேன், நீங்க அசையலை. ஒரு தம்பி வீடு வீடா வந்து கத்தியை வாங்கிட்டுப் போய்க் காசுக்குத் தீட்டித் தர்றாரு. நேத்துக் கொடுத்தேன், சாயங்காலமே வந்துடுச்சு.”

“அவரே... தீட்டறாரா?”

“அவருக்குத் தீட்டத் தெரியாதாம். கைதேர்ந்த ஆள் ஒருத்தரைப் பிடிச்சு வச்சிருக்காராம். கூலிகூடக் கேக்க மாட்டாராம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தா போதுமாம்.”