வௌவால் எடுத்த படம்

மனசு சரியில்லை என்றால் வௌவாலிடம் போ என்று காடே சொன்னது. வௌவால் கீச்சென்று ஓர் ஒலியை அனுப்பும். தலையில் பட்டுத் திரும்புகிற எதிரொலியைக் கேட்டு, மண்டைக்குள் இருப்பதை மணலில் படமாகக் கீறிக் காட்டும்.

குட்டியை ஆற்று வெள்ளத்துக்குப் பறிகொடுத்ததிலிருந்து கழுதைக்குத் தொண்டையில் புல் இறங்கவில்லை. அதுவும் போய் வரிசையில் நின்றது.

முன்னால் நின்ற எருமை கழுதைக்குத் துணையாகச் சும்மா வந்திருந்தது. அதற்கும் ஒரு படம் எடுத்த வௌவால், "இந்த இடத்துல நிழல் தட்டுது. உனக்குத் தீராத சோகம்" என்றது.

"அப்படியா? எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று அசைபோட்டபடியே எருமை நகர்ந்தது.

அடுத்து கழுதை. "அசையாதே, மூச்சுக் காட்டாதே" என்று அதன் தலையைச் சுற்றிவந்த வௌவால் மணலைக் கீறிப் பார்த்தது. "படம் பளிங்கு மாதிரி இருக்கு. உனக்கு ஒண்ணுமில்லை. போய்ச் சாப்பிடு."

"சாப்பிட முடியலையே, ஐயா. என் குட்டி..."

"குட்டியெல்லாம் படத்துல விழாதும்மா. அடுத்தது யாரு?"

கழுதைக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றுமில்லாததற்கா இத்தனை நாள் இப்படிக் கிடந்தோம்? வெட்கத்தோடு தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பியது.

வரிசையில் பின்னால் நின்ற அணில் கேட்டது: "குட்டிக்கு என்ன ஆச்சு, அக்கா?"

அவ்வளவுதான். கழுதை வாய்விட்டுக் கதறியது. காடே அதிர்ந்தது.

"யாரது அங்கே அழறது?" என்று கிளையிலிருந்து சீறியது வௌவால். "இங்கே படமே விழமாட்டேங்குது!"