சுத்தமான பார்சல்

மேனேஜர் ஜெஃபின் ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸில் வகுப்பு எடுத்தார். சந்தேகத்துக்குரிய தபாலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பு. அனுப்பியவர் முகவரி இல்லையா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றிக் கயிறு வேறு கட்டியிருக்கிறதா, ஒரு மாதிரி வாடை வருகிறதா? அதைத் தொடாதே, ஆட்டாதே, மோந்து பார்க்காதே. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் போலீஸைக் கூப்பிடு. நூல் வியாபாரம் செய்கிற ஆபீஸுக்கு எவன் குண்டு அனுப்பப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பஜ்ஜி உண்டென்று சொல்லியிருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடம். சிங்காநல்லூரில் இருந்த அந்த ஆபீஸுக்கு வருகிற பார்சல் எல்லாமே அந்த லட்சணத்தில்தான் வரும். சோமனூர் தறிக்காரர்கள் துணி சாம்பிளைப் பழைய அரிசிச் சாக்கில் திணித்து, கயிற்றைக் கட்டி, பஸ்ஸில் போட்டு விடுவார்கள். தறி எண்ணெய்க் கறை இல்லாத சாக்கு ஒன்றுகூட வந்ததில்லை. அனுப்பியவர் முகவரியா? கண்டக்டருக்குத் தெரியும், போதாதா?

மறுநாள் ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. குடோனில் ஒரு மாதமாக நூல் மூட்டைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கேமராப் பதிவைத் திறக்கிற பாஸ்வேர்டு முதலாளி பங்காருசாமியிடம் மட்டும்தான் உண்டு. வெளியூர் போயிருந்த அவர் அன்று மதியம் நேராக ஆபீஸுக்கு வந்து பதிவைப் பார்க்கப் போகிறார். வாட்ச்மேன் காளிச்சாமிதான் கை வைத்திருப்பார் என்று ஆபீஸே பேசிக்கொண்டது. வேலை போவதோடு முடியாது, கம்பி எண்ண வேண்டியிருக்கும். பாவம், மனுஷன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கேட்டருகே உட்கார்ந்திருந்தார். ஜெஃபின்தான் அவர் தோளைத் தட்டி, தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று ஆறுதல் சொன்னார்.

காலை பஸ்ஸில் மேனேஜர் பெயருக்கு ஒரு சாக்குப் பார்சல் வந்தது. எண்ணெய்க் கறை, கயிறு, டேப், மண்ணெண்ணெய் வாடை. அனுப்பியவர் முகவரி கிடையாது. ரிசப்ஷனில் இருக்கும் பிரீத்திகா அதை வழக்கம்போல ரேக்கில் தூக்கிப் போட்டாள். ஜெஃபின் அந்த ரேக் பக்கமாக நடையாய் நடந்தார். சந்தேகப்படும்படி ஏதாவது வந்ததா என்று இரண்டு தரம் கேட்டார். ஒன்றும் இல்லை, வழக்கமான சோமனூர் சாக்குதான் என்றாள் அவள். வகுப்பு வீணாய்ப்போன வருத்தம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அப்புறம்தான் கூரியரில் அந்தப் பெட்டி வந்தது. வெள்ளை அட்டைப் பெட்டி. கறையில்லை, கயிறில்லை. அனுப்பியவர் முகவரியைப் போன் நம்பரோடு அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பிரீத்திகா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க சார், நமக்கு இத்தனை சுத்தமா யாருங்க அனுப்புவாங்க?"

ஜெஃபின் பெட்டியை ஒரு தரம் பார்த்தார், ரேக்கை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முகம் மலர்ந்தது. இந்தப் பெண் இருக்கும்வரை ஆபீஸுக்கு ஆபத்தில்லை என்று பாராட்டி, எல்லாரையும் வெளியேற்றினார். ஆபீஸே எதிர்த்த பேக்கரியில் போய் நின்றது. உயிர்ப் பயத்திலும் ஆளுக்கொரு டீயும் பப்ஸும் சொன்னார்கள். ஜெஃபின் மட்டும் பாத்ரூமில் யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க மறுபடி உள்ளே போனார். கடைசி ஆளாக, வியர்க்க விறுவிறுக்க, வெறுங்கையோடு வந்தார். இப்படி ஒரு மேனேஜர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பேக்கரிக்காரர் அவருடைய டீக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

போலீஸ் வந்தது, மோப்ப நாய் வந்தது. நாய் பெட்டியை மோந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. உள்ளே இருந்தது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேஜைக் காலண்டர். சப்-இன்ஸ்பெக்டர் சிக்கந்தர் பிரீத்திகாவைப் பிடித்துக்கொண்டார். எது சந்தேகமான பார்சல் என்று ஜெஃபின் நடத்திய அதே பாடத்தை நடுரோட்டில் வைத்து வரி பிசகாமல் நடத்தினார். அவள் கூனிக் குறுகி நின்றாள்.

அதற்குள் முதலாளியும் வந்து சேர்ந்தார். எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தால், கேமரா பதிவாகிற பெட்டியைக் காணோம். வயர்கள் மட்டும் தொங்கின.

எல்லார் கண்ணும் காளிச்சாமி மேல் திரும்பியது. அவரும் நம்மோடு பேக்கரியில்தானே நின்றார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவருடைய சோற்றுத் தூக்குப்போசியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஜெஃபின் யாரும் கேட்காமலே தன் பையைத் திறந்து காட்டினார்.

"நான் எடுக்கலைங்க மொதலாளி," என்று காளிச்சாமி அழுதார்.

"அதை ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க," என்றார் பங்காருசாமி. மரியாதை குறையாமல் ஆளை உள்ளே தள்ளுவது எங்கள் பக்கத்து நாகரிகம்.

காளிச்சாமியை ஜீப்பில் ஏற்றப் போகும்போது, ஜெஃபின் ரேக்கிலிருந்த சாக்குப் பார்சலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தலை வலிக்கிறது, சாம்பிளை வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றார்.

பிரீத்திகா அந்தச் சாக்கையே பார்த்தாள். எஸ்.ஐ. திட்டியது இன்னும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

"சார், அதை ஆட்டாம அப்படியே கீழ வெச்சுப்போடுங்க. அட்ரஸ் இல்லை, கறை இருக்குது, வாடையும் வருது. நீங்க சொன்னது அத்தனையும் இருக்குதுங்க."

இது சோமனூர் சாக்கம்மா என்று ஜெஃபின் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, முகத்தில் ஈயாடவில்லை. சிக்கந்தர் சாக்கைக் கீழே வைக்கச் சொன்னார். போலீஸ்காரர்கள் கயிற்றை அறுத்தார்கள்.

காலையில் ஆபீஸைக் காலி செய்யவைக்கத் தன் பெயருக்குத் தானே அனுப்பிய, ஒருத்தரும் சீந்தாமல் போன அந்தச் சாக்குக்குள், மேனேஜர் ஜெஃபின் கேமராப் பெட்டியை வகுப்பில் சொன்ன லட்சணம் ஒன்றுகூடக் குறையாமல் கட்டி வைத்திருந்தார்.