இன்னும் ஒரு சொட்டு

பியூரெட்டில் இரண்டாம் முறை ஊற்றிய காரமும் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஜெசிந்தாவின் குடுவையிலிருந்த அமிலமோ இன்னும் வெறும் தண்ணீர் மாதிரியே இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதோ இளஞ்சிவப்பு வந்து, அளவைக் காட்டிக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். அத்தனை பெரிய ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. நிறம் வராமல் யாரும் வெளியே போகக் கூடாது. படிப்பின் நடுவில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறி வந்தவளுக்கு முதல் நாளே சொல்லப்பட்ட ஒரே சட்டம் அதுதான்.

"என்னம்மா, இன்னும் வரலியா?" கதவருகே சாவியோடு நின்ற பேராசிரியர் கேட்டார்.

"வந்துரும் சார்."

குழாயைத் திறந்து குடுவையைச் சுழற்றினாள். மணிக்கட்டு மரத்துப்போனது. அப்போதுதான் மேசை ஓரத்தில் நிறங்காட்டிப் பாட்டில் கண்ணில் பட்டது. பழைய கல்லூரியில் ஆய்வக உதவியாளர் தங்கையா அண்ணன் ஒவ்வொரு குடுவையிலும் அதை முன்கூட்டியே விட்டுவைத்திருப்பார். இங்கே அவரவர்தான் விட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அவள் விடவே இல்லை; அது இல்லாமல் எவ்வளவு காரம் இறங்கினாலும் நிறம் வராது.

நிறம் மாறவேண்டிய இடம் எப்போதோ கடந்துபோயிருக்கும். விட்ட காரத்தைத் திரும்ப ஏற்ற முடியாது. இன்னொரு குடுவைக்கு அமிலம் தர மாட்டார்கள். பழைய கல்லூரிக்கும் திரும்ப முடியாது, அங்கே பெயரை அடித்து டி.சி. கொடுத்தாயிற்று.

நிறங்காட்டியைச் சொட்டானில் எடுத்துக் குடுவையின் வாய்க்கு மேலே பிடித்தாள். ஒன்று விழுந்தால் போதும், எவ்வளவு தூரம் தாண்டி வந்திருக்கிறாள் என்பதை அடர்சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

"வந்துருச்சா?" செருப்புச் சத்தம் நெருங்கியது.

நுனியில் திரண்ட சொட்டு, அவள் விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தட்டும் என்று காத்திருந்தது.