மூன்றாம் ஓலை

"இதை எழுதின கை விளங்காமப் போகணும்!" என்று கத்தினாள் ஜெயசீலி.

வாலிபர் சங்கத்துச் செயலாளர் இப்படிச் சபிக்கலாமா என்று லாசரஸும் கேட்கவில்லை, ஐசக்கும் கேட்கவில்லை. அவர்களுக்கும் அதே ஆத்திரம்தான்.

சனிக்கிழமை சாயந்திரம் தாம்பரத்தில் அவர்கள் சர்ச் ஹாலில் கூட்டம். 'மனநோயும் நோய்தான்' என்று தலைப்பு. மூன்று பேரும் இரண்டு வாரமாக சேலையூர், குரோம்பேட்டை என்று வீடு வீடாக ஏறி இறங்கி நோட்டீஸ் கொடுத்து, ஒரு டாக்டரையும் பேச அழைத்து வந்திருந்தார்கள். ஜெயசீலி மேடையில் முழங்கு முழங்கென்று முழங்கினாள். எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பெயர் போடாமல் எழுதிப் போடட்டும் என்று வாசலில் ஒரு பெட்டியும் வைத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் பெட்டியைத் திறந்தால் நாலு சீட்டு. மூன்று, டாக்டருக்குக் கேள்வி. நாலாவது இது:

'மணப்பெண் ஞானஜோதி 1969-ல் ஆறு மாதம் கீழ்ப்பாக்கத்தில் மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவள். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். கூடுவாஞ்சேரி மாப்பிள்ளைக்கு இது தெரியாது. மூன்றாம் ஓலைக்குள் யாராவது சொல்லிவிடுங்கள்.'

கீழே கையெழுத்து இல்லை. எழுத்தும் கோணல் மாணல், இடது கையால் கிறுக்கியது போல.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல முகாந்தரம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். ஞானஜோதிக்கும் தனசிங்குக்கும் இரண்டு ஓலை முடிந்துவிட்டது. விடிந்தால் மூன்றாவது. வியாழக்கிழமை கல்யாணம்.

"விஷயம் நிஜமாக்கா?" ஐசக் மெல்லக் கேட்டான்.

"நிஜமா இருந்தா என்னடா இப்போ? குணமாகி வந்து ஸ்கூல்ல பாடம் நடத்துறா. டைபாய்டு வந்தவளைப் பத்தி எவளாவது இப்படி எழுதுவாளா? தாலி ஏறுற நேரத்துல கவுக்கப் பாக்குறாளே, பாவி!"

"பாஸ்டர்கிட்ட காட்டலாமா?" என்றான் லாசரஸ்.

"காட்டினா மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுவார். கல்யாணம் நிக்கும். அந்தப் பொண்ணு மறுபடி நோயில விழுந்துடும். அந்தப் பாவம் நமக்கு வேணுமா?"

வேண்டாம்தான். லாசரஸ் தீப்பெட்டியைத் தேடி எடுத்து வந்தான். ஹாலுக்குப் பின்னால் சீட்டு எரிந்து போயிற்று.

அதோடு விட்டாளா ஜெயசீலி? எழுதியது யார் என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ரத்தினபாய் அம்மாள்தான். வேறு யார்? தனசிங்கை முதலில் பேசியது அந்த அம்மாள் மகளுக்கு. அது தட்டிப்போனது சபைக்கே தெரியும். கூட்டத்துக்கு வந்து, பெட்டிப் பக்கத்திலேயே வேறு நின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை, ஜெயசீலி அந்த அம்மாளைச் சர்ச் வாசலிலேயே மறித்தாள்.

"ஏன் ஆன்ட்டி, ஜெபமும் பண்ணிட்டு மொட்டைக் கடுதாசியும் போடுவீங்களா?"

"நானா? என்ன கடுதாசிம்மா?"

"நடிக்காதீங்க. உங்க மகளுக்கு அமையலேன்னா ஊரார் வீட்டுப் பொண்ணு வாழக் கூடாதா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினபாய் அம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. "கர்த்தர் பாத்துக்கிட்டிருக்கார்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஜெயசீலிக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

போதகர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டு நிறுத்தினார்.

முன் வரிசையில் இருந்த ஞானஜோதி திரும்பி ஜெயசீலியைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. பயப்படாதே என்று ஜெயசீலி கண்ணாலேயே சைகை காட்டினாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. போதகர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்ததும் ஜெயசீலி அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றில் பால் வார்க்கிற செய்தியாயிற்றே, சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஜோதி, இனிமே உனக்கு ஒரு குறையும் இல்ல. உன் விஷயத்தை எழுதி எவளோ நம்ம பெட்டியில போட்டிருந்தா. எரிச்சுட்டோம். எழுதினவளையும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். மாப்பிள்ளை காதுக்கு ஒரு வார்த்தை போகாது."

ஞானஜோதி கையை விடுவித்துக்கொண்டாள்.

"அதை எழுதினது நான்தான்கா."

"நீயா? எதுக்கு ஜோதி?"

"தெரிஞ்சு கட்டிக்கிட்டா கட்டிக்கட்டும், வேண்டாம்னா போகட்டும்னு இருந்தேன். அப்பா விடல. மாப்பிள்ளைகிட்ட மூச்சு விட மாட்டேன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டார். மாத்திரையை ஒளிச்சு ஒளிச்சு முழுங்கிட்டு எத்தனை நாள்கா குடித்தனம் பண்ணுவேன்? நேத்து நீங்க பேசினதைக் கேட்டேன். இதுல ஒளிக்க ஒண்ணுமில்லேன்னு அவர்கிட்ட தைரியமா சொல்ல இவங்களாவது இருக்காங்களேன்னுதான் உங்க பெட்டியில போட்டேன். எரிச்சுட்டீங்களேக்கா!"

"உன் நல்லதுக்குத்தான் ஜோதி..."

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னார்."