ஞாயிற்றுக்கிழமைக் குரல்

இரண்டு வருஷ இறை ஊழியத்துக்குப் போன மகன், வீட்டோடு வாரம் ஒருமுறைதான் பேசலாம். ஞாயிறு காலை, பத்தே நிமிஷம். அவன் கிளம்பிய ஆறாம் மாதம் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள்.

“அவன்கிட்ட மூச்சு விடாதே,” என்றார் அப்பா மகளிடம். “தெரிஞ்சா பாதியில ஓடி வந்துடுவான். இன்னும் ஒன்றரை வருஷம்தானே.”

அக்காவுக்கு அப்படியே அம்மாவின் குரல். அந்த ஞாயிறு முதல் போனில் அவளே அம்மாவானாள். “சாப்பிட்டியாடா கண்ணு?” என்று கேட்பாள். போனை வைத்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். ஞாயிறு தவறிவிடுமே என்று, தேடி வந்த நல்ல வரனையும் தட்டிக்கழித்தாள்.

ஊழியம் முடிந்து தம்பி வந்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார். “அம்மா வந்து...”

“தெரியும்ப்பா. பக்கத்து வீட்டு மாமா மறுநாளே எங்க ஊழியத் தலைவருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டார். அவர் டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தார். நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

அக்கா அவன் முன்னால் வந்து நின்றாள். “அப்ப வாராவாரம் என்னை ஏன்டா ‘அம்மா, அம்மா’ன்னு கூப்பிட்டே?”

“சபையில உன் பேச்சை ஸ்பீக்கர்ல போடுவேன்க்கா. ‘என் ஊழியம் தடைபடக் கூடாதுன்னு, செத்துப்போன அம்மாவா என் அக்கா நடிக்கிறா’ன்னு சொல்லுவேன். அழாத ஆளே இருக்க மாட்டாங்க,” என்றான் தம்பி பூரிப்போடு. “உன்னால மட்டுமே நாற்பது பேர் புதுசா சேர்ந்திருக்காங்க!”